கேட்காமல் கொடுத்த மாஸ்டர்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு வரும் காலை ஃபெரியில் எனக்கு முன் பெஞ்சில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். தம்பிக்கு முகம் வீங்கியிருந்தது. ஒட்டுக்கேட்கக் கூடாதுதான், பெஞ்சு அவ்வளவு நெருக்கம்.

"அக்கா, மாஸ்டர் செத்துட்டாரு," என்றான் அவன்.

"எந்த மாஸ்டர்?"

"நேத்து வீடியோ டேப்புல பார்த்தோமே, சீன குங்ஃபூ சீரியல், அதுல வர்ற கிழவரு. அடிபட்ட சிஷ்யன் முதுகுல ரெண்டு கையையும் வச்சு, தன் சக்தி மொத்தத்தையும் ஏத்திவிட்டாரு. உடனே தலை வெள்ளையாயிருச்சு. அப்புறம் செத்துட்டாரு."

"அது டிவி லா. எனக்கு ரெண்டு கிட்னி இருக்கு. உனக்கு வைக்க டாக்டர் ஒண்ணுதான் கேட்கிறாரு."

"வேணாங்க்கா. உனக்குப் பிள்ளைங்க இருக்கு."

"வேணுமா வேணாமான்னு மாஸ்டர் சிஷ்யன்கிட்ட கேட்டாரா?"

"கேட்கல. அவன் மயக்கமா கிடந்தான்."

"நீ முழிச்சுக்கிட்டு இருக்கே. அதான் தொல்லை."

"உனக்கும் நரைச்சுப் போனா?"

"இப்பவே பாதி முடி சாயம்தான் லா."

ஃபெரி கரையில் முட்டியது. இறங்கும் கூட்டத்தில் அவன் தள்ளாடினான். பின்னால் வந்த அக்கா அவன் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இது வெறும் கைதான்டா," என்றாள். "நட."