வலது பக்கத்துப் பஞ்சு

அவையை நடத்தும் தலைவர் சுயம்புலிங்கம் அவர்களே! அறுவை அறையின் அமைதியை அப்படியே மேடைக்கும் அழைத்து வந்திருக்கும் பல் மருத்துவர் ஸ்வர்ணலதா அவர்களே! பல் செய்யும் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட பெரியோர்களே! மாட வீதி ஆட்டோ நெரிசலை அரைமணி நேரம் பொறுத்து வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! ஈக்காட்டுத்தாங்கலில் பல் பட்டறை நடத்தும் இந்த ராஜரத்தினத்தின் வணக்கம் அனைவருக்கும் உரியது.

வரவேற்புரையில், இருபது ஆண்டுகளில் ஒரு பிழைகூடச் செய்யாதவன் என்று என்னைப் பாராட்டினார்கள். எனக்குத் தரவிருக்கும் இந்தக் கேடயத்திலும் 'பிழையற்ற பல் தொழில்நுட்பர்' என்று பொறித்திருக்கிறார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். பத்து நிமிடம் கழித்தும் தட்டுவீர்களா என்று பார்ப்போம்.

தாடை எலும்பு என்பது என்ன? கல்லா? கட்டையா? இல்லை, அது உயிர். வேலை இருக்கும்வரை வலுவாக இருக்கும். வேலை போனால் வற்றத் தொடங்கும். பல்லின் வேர் கடிக்கும்போதெல்லாம் எலும்பை அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் அதற்கு வேலை. பல் போனால் எலும்பு கரைகிறது. கரைந்த எலும்பின்மேல் உட்கார்ந்த பல்செட் ஆடுகிறது. அதனால்தான் எலும்புக்குள் டைட்டானியம் திருகுகளைப் பதித்து, பல்செட்டை அவற்றின்மேல் பூட்டுகிறோம். எலும்புக்கு மறுபடி வேலை கிடைக்கிறது.

திருகு எங்கே இறங்க வேண்டும், எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வு? முன்பு கண் சொன்னது, கை கேட்டது. இன்று ஸ்கேன் சொல்கிறது, கணினி கேட்கிறது. நோயாளி தன் பல்செட்டைக் கடித்தபடி ஸ்கேன் எடுப்பார். அந்தப் படத்தை வைத்து, துளையிடும் இடத்தைக் காட்டும் ஓர் அச்சை நான் கணினியில் வரைவேன். எங்கள் எந்திரம் அதை வார்த்துத் தரும். முடியளவு துல்லியம்! எந்திரத்துக்குத் தூக்கம் உண்டா? துக்கம் உண்டா? எதுவுமில்லை. சந்தேகமும் இல்லை என்பதுதான் சங்கடம்.

சைதாப்பேட்டையில் பிளவுஸ் தைக்கும் கைசர் ஜஹான் அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் ஒரு பல்கூட இல்லை. அளவு பார்க்கும்போது உதட்டில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாய் எடுத்துத் துணியில் குத்துவார். அதுதான் அவர் வேலை செய்யும் விதம். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. உதட்டுக்கு உணர்ச்சி தருவது அதுதான். துளை இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் உதடு மரத்துப்போகலாம். ஊசி இருக்கிறதா, விழுந்ததா, தொண்டைக்குள் போனதா என்று மரத்த உதட்டுக்குத் தெரியுமா?

அவருடைய ஸ்கேன் என் திரைக்கு வந்தது. வலது பக்கம் பல்செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே கறுப்பாய் ஓர் இடைவெளி. படக் கோளாறு என்று நானே முடிவு செய்தேன். மருத்துவரைக் கேட்கவில்லை. மவுஸை நாலு முறை அழுத்தி அழித்தேன். படம் பளிச்சென்று ஆனது. அச்சும் அழகாக வந்தது.

யாரோ 'ஐயோ' என்கிறீர்கள். சரியாகத்தான் சொல்கிறீர்கள்.

அறுவை நாளன்று மருத்துவர் ஸ்வர்ணலதா மரப்பு ஊசி போடும் முன் அச்சை வாயில் வைத்து ஒரு விரலால் அழுத்தியிருக்கிறார். என் கைப்பேசி ஒலித்தது. "சார், உங்க அச்சு ஆடுது. நான் துளை போடப் போறதில்ல. நீங்க உடனே கிளம்பி வாங்க" என்றார். நான் போகும் வழியெல்லாம் எந்திரத்தைத் திட்டினேன்.

போனதும் மருத்துவர், ஸ்கேன் எடுத்தபோது வாயில் வேறு ஏதாவது இருந்ததா என்று அந்த அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டார், நான் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சு!

"ரெண்டு வருசமா ரைட்டு பக்கம் இத வெச்சிக்கினுதான் கீறேன் நைனா. இல்லாங்காட்டி பல்லு டான்ஸ் ஆடும். ஸ்கேன்ல அந்தப் பொண்ணு, நல்லா கடிச்சிக்கினு இரும்மான்னுச்சு. பஞ்சு இல்லாம எப்டிக் கடிக்கறது? இன்னாத்த உள்ள வெச்சிக்கினு கீறேன்னு யாரும் கேக்கல."

பஞ்சு பல்செட்டைத் தூக்கி வைத்திருந்தது; ஸ்கேனில் பஞ்சு காற்றைப்போலக் கறுப்பாகத்தான் தெரியும். எலும்பு கரைந்து ஈறில் விழுந்த, பஞ்சு அடைத்த பள்ளம்தான் நான் அழித்த கறுப்பு. பஞ்சில்லாத வாயில் என் அச்சு கீழே இறங்கி உட்காரும். துளையும் அதே அளவு ஆழமாக இறங்கும். அந்த இரண்டு மில்லிமீட்டரைத் தடுத்தது என் கணினியா? இல்லை! என் எந்திரமா? இல்லை! மருத்துவரின் ஒற்றை விரல்!

பழைய பல்செட்டின் உட்புறத்தை ஈறுக்கு ஏற்ப நிரப்பி, பஞ்சில்லாமல் மறுபடி ஸ்கேன் எடுத்து, புதிய அச்சு செய்தோம். நான்கு திருகுகளும் நரம்பைத் தொடாமல் இறங்கின. எலும்பு திருகுகளைப் பற்றிக்கொண்டதும் பல்செட்டைப் பூட்டினோம். அந்த அம்மா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். உதடு எப்படிம்மா இருக்கிறது?

"நாலு ஊசி இன்னா நைனா, ஆறு புடிக்குது!"

கேட்டீர்களா? இப்போது கை தட்டலாம், அவருக்கு.

படம் அழகாக வேண்டும் என்று அழிக்காதீர்கள் நண்பர்களே! அச்சு அவசரம் என்று அழிக்காதீர்கள்! கறுப்பாய் ஓர் இடைவெளி தெரிந்தால் கைப்பேசியை எடுங்கள், கேளுங்கள்! நம் துல்லியமெல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகுதான்!

தலைவரிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கேடயத்தை என் பட்டறைக்கு எடுத்துப்போய், 'பிழையற்ற' என்ற சொல்லை எங்கள் எந்திரத்திலேயே செதுக்கி எடுத்துவிடுகிறேன். அந்த இடம் வெறுமையாகத் தெரியும். வேறு நல்ல சொல் போட்டு யாரும் அதை நிரப்பிவிடாதீர்கள்; இந்த ஓர் இடைவெளியாவது என் கண்முன் இருக்கட்டும். பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், கேள்வி கேட்ட மருத்துவருக்கும், டப்பாவைத் திறந்து காட்டிய கைசர் ஜஹான் அம்மாவுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.