வெயில் ஏறினால் செவிடாகும் பெட்டி

எந்தப் பெட்டி பழுதானாலும் நான் முதலில் கம்பியைத்தான் ஆட்டிப் பார்ப்பேன். பத்துக்கு ஏழு தடவை கோளாறு அங்கேதான் இருக்கும். இணைப்பு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் வீடு பெருக்கும்போது யாராவது இழுத்துவிட்டிருப்பார்கள். இது தெரியாமல் மென்பொருளைக் குடைந்துகொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எதையும் விடாமல் வரிசையாக எழுதித் தரச் சொன்னீர்கள் என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன். அன்றைக்கும் நான் முதலில் கம்பியைத்தான் ஆட்டிப் பார்த்தேன்.

நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். மீதி நேரமெல்லாம் வானொலி. பழைய ரேடியோவில் அலையைப் பிடிப்பது, இரைச்சலை வடிப்பது எல்லாம் பெட்டிக்குள் இருக்கும் சாமான்களின் வேலை. இப்போது கட்டைவிரல் அளவுக்கு ஒரு ரிசீவர் போதும். கணினியில் செருகினால் காற்றில் வருவதையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடும். அதைப் பிரித்துக் காதுக்குக் கொண்டுவருவது மென்பொருள். அந்த மென்பொருளை ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நான் எழுத ஆரம்பித்தேன். அது திறந்த மூலம். நிரல் முழுக்க எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடக்கும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தி அனுப்பலாம், குறை சொல்லலாம். குறை சொல்வதற்கு மட்டும் எங்களுக்கு ஆள் பஞ்சமே இருந்ததில்லை.

என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, நான்கு வருடங்களுக்கு முன்பு இதற்குள் வந்தான். வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர், நானும் அப்படியேதான் கூப்பிடுவேன். வந்த ஆறாவது மாதமே என் நிரலில் மூன்றில் ஒரு பங்கைச் சுருக்கிக் காட்டினான். அதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். போன வருடம் பங்களிப்பாளர்கள் எல்லோரும் திரையில் கூடிப் பேசி, அடுத்த பெரிய வெளியீட்டுக்கு அவனைப் பொறுப்பாளனாகப் போட்டார்கள். எதிர்த்து ஒரு குரல்கூட இல்லை. நானும் கை தூக்கினேன். வருகிற குறைகளைப் படித்துப் பிரித்துக் கொடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

"தம்பி தலையெடுத்துட்டான், பாத்தீங்களா?" என்றாள் மனைவி. அன்று முழுக்க அவள் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. பார்த்தேன் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அந்த ஒரு வரி விவகாரம். கொஞ்சம் விளக்க வேண்டும். ரிசீவருக்குள் அலைவரிசையை நிலையாகப் பிடித்து வைத்திருக்கும் படிகம் சூடேறினால் மெல்லப் பிசகும். கேட்க வேண்டிய இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிக் கேட்கத் தொடங்கும். அப்போது மென்பொருள், அருகே பலமாக ஒலிக்கும் ஏதாவது ஒரு அலையை அடையாளமாக வைத்துக்கொண்டு தன்னை அவ்வப்போது சரிசெய்துகொள்ளும். ஆனால் அந்தப் பலமான அலை வேறு யாருடையதாகவும் இருக்கலாம். அதன் பின்னாலேயே போய்விடக் கூடாது என்பதற்காக, இவ்வளவு தூரத்துக்கு மேல் நகராதே என்று ஒரு எல்லை வைத்திருந்தேன். ஒரே வரி. ஏன் வைத்தேன் என்று பக்கத்தில் குறிப்பு எழுதவில்லை. எனக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

சின்னவன் வீட்டுக்கு வந்திருந்தபோது கேட்டான். "மாமா, இந்த ஒரு வரி எதுக்குன்னே புரியல. எடுத்துப் பாத்தேன், எல்லாச் சோதனையும் பாஸாகுது. எடுத்துடவா?"

"தேவையில்லன்னு உனக்குத் தோணினா எடுத்துடு. நீதானே பொறுப்பு."

"கோவமா மாமா?"

"எனக்கென்னப்பா கோவம். எடுத்துடு."

எங்கள் சோதனைப் பதிவுகள் எல்லாம் குளிரூட்டிய அறைகளில் எடுத்தவை. அவற்றில் அந்த வரிக்கு வேலையே வராது. இதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் அதைக் கேட்கவும் இல்லை. என் வீட்டுக் கணினியில் மட்டும் அந்த வரியோடு உள்ள பழைய மென்பொருளையே விட்டுவைத்தேன்.

புதிய வெளியீட்டைக் கடலோர மீட்பு நிலையத்தில் சின்னவனே கொண்டுபோய் நிறுவினான். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. அவர்களுடைய பழைய பெட்டியில் பேச முடியும், ஆனால் கேட்கும் பாகம் போய்விட்டது. உதிரிச் சாமான் கிடைக்கவில்லை. அதனால் பேசுவதற்குப் பழைய பெட்டி, கேட்பதற்கு எங்கள் மென்பொருள் என்று ஏற்பாடு. அங்கே தன்னார்வமாக உட்காரும் பெண்மணியை எல்லோரும் ரேடியோ அக்கா என்பார்கள். என்னைவிட இளையவர், ஆனாலும் எனக்கும் அக்காதான்.

மூன்றாவது வாரம் அவரிடமிருந்து குறை வந்தது. "வெயில் ஏறினா பெட்டி செவிடாயிடுது. ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் கேக்கல. அணைச்சுப் போட்டா சரியாயிடுது."

முதல் வாக்கியத்தைப் படித்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நிலையத்துக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளை இயக்கும் ரேடியோ அலை பலமாக இருக்கிறது. தகரம் காய்ந்து அறை சூடானதும் மென்பொருள் அதன் பின்னால் போய்விடுகிறது. எல்லை சொல்ல ஆள் இல்லை. நான் பதில் எழுதினேன்: "என் கணினியில் அப்படி நேரவில்லை. தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை அணைத்துப் போடவும்." குறையை முடிந்ததாகக் குறித்தேன். என் கணினியில் அப்படி நேரவில்லை என்பது பொய் இல்லை. சின்னவன் கண்ணில் அந்தக் குறை படவே இல்லை. அக்கா நன்றி சொல்லிப் பதில் போட்டிருந்தார். அது கொஞ்சம் உறுத்தியது, மறைக்கவில்லை.

நான் எதிர்பார்த்தது ஒரு சின்ன அவமானம், அவ்வளவுதான். ஒருநாள் அவன் வந்து, மாமா, அந்த வரி எதுக்குன்னு இப்பத்தான் புரியுது என்று சொல்ல வேண்டும். நான் பெருந்தன்மையாகச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பைக்கூட மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

இனி அந்த நாள். விடுமுறை. மனைவி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். நிலையத்துக்கு எவ்வளவு தூரம் வரை கேட்கிறது என்று பார்க்க, சின்னவன் ஒரு படகோட்டியைக் கூட்டிக்கொண்டு சின்னப் படகில் கடலுக்குப் போனான். கையில் பேசும் ரேடியோ ஒன்று. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவான், அக்கா பதில் சொல்வார். எங்கே பதில் நிற்கிறதோ அதுதான் எல்லை. நான் ஆறாவது மாடியில், பால்கனி ஆண்டெனாவோடு, இருவரையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து ஐம்பதுக்கு, "தெளிவா கேக்குது தம்பி," என்றார் அக்கா. பதினொன்றுக்கு அவன் கூப்பிட்டான், பதில் வரவில்லை. தூரம் தாண்டிவிட்டது என்று நினைத்து நோட்டில் பத்தொன்பது கிலோமீட்டர் என்று எழுதிக் கோடு போட்டதாக அக்கா உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்மேல் தப்பே இல்லை. மௌனம் வரும் என்று காத்திருந்தவருக்கு மௌனம் வந்தது. அவர் வேறென்ன நினைப்பார்?

பதினொன்று எட்டுக்குக் குரல் மாறியது. "நிலையம், நிலையம். இன்ஜின் நின்னுபோச்சு. பின்னாடி தண்ணி ஏறுது. இருக்கற இடத்தச் சொல்றேன், எழுதிக்குங்க."

இடத்தைச் சொன்னான். நான் ஒரு தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். அந்தத் தாள் உங்களிடம் இருக்கிறது. நிலையத்தின் பதில் எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று கம்பியை ஆட்டிப் பார்த்தேன். கம்பி நன்றாக இருந்தது. பதில் சொல்ல அங்கே யாருக்கும் கேட்கவில்லை என்று அப்போது புரிந்தது. எதனால் கேட்கவில்லை என்பது உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

உடனே ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்டபோது எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. எழுதும்போது தெளிவாக வருகிறது. முதல் சில நிமிடம், நிலையத்தார் தாங்களே கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தேன். அவர்கள் கண்டுபிடித்தால்தான் வெளியீட்டின் குறை வெளியே வரும். பத்து நிமிடம் ஆனது. அப்போது சொன்னால், பத்து நிமிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். உங்கள் கணினியில் மட்டும் எப்படிக் கேட்டது என்பார்கள். அந்த வரியைச் சொல்ல வேண்டும், மூடிய குறையைச் சொல்ல வேண்டும். இருபது நிமிடம் ஆனபோது இருபது நிமிடத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிமிடமும் அடுத்த நிமிடத்தின் வாயைக் கட்டியது. கை கால் ஓடவில்லை. இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு கையாலாகாத்தனத்தை நான் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை, அய்யா. அந்த நேரத்தில் என்னையும் பார்த்துப் பரிதாபப்பட யாராவது இருந்திருக்கலாம்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். வடிகட்டியைக் குறுக்கினேன், காற்றிரைச்சலைக் குறைத்தேன். குரல் துலக்கமாக வந்தது. வருவதைக் கணினியில் பதிவு செய்யவும் போட்டுவிட்டேன்.

பதினொன்று இருபதுக்குப் பேசும் பொத்தானை அழுத்தியபடியே படகோட்டியிடம் சொல்கிறான். "பயப்படாதீங்கண்ணே. நிலையத்துக்குக் கேக்கலன்னாலும் எங்க மாமாவுக்குக் கேக்கும். லீவு நாள்ல மனுஷன் அந்த பால்கனிய விட்டு நகர மாட்டாரு." பிறகு என்னிடம் பேசினான். "மாமா, கேக்குதா? கேட்டா நிலையத்துக்கு ஒரு போன் போட்டுடுங்க மாமா."

இதை ஆறு தடவை சொன்னான். ஆறாவது தடவை மாமா என்ற சொல்லோடு நின்றது. அப்போது மணி பதினொன்று ஐம்பது. பன்னிரண்டு அடித்ததும், நான் சொல்லிக்கொடுத்தபடி, அக்கா பெட்டியை அணைத்துப் போட்டார். பெட்டிக்குக் காது திரும்பியது. கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

படகோட்டி எண்ணெய் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார், மறுநாள் காலை ஒரு சரக்குக் கப்பலில் வந்தவர்கள் தூக்கினார்கள். சின்னவன் மூன்றாம் நாள் கிடைத்தான்.

"அன்னைக்கு நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"சிக்னல் வரலம்மா."

"நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்," என்று என் தலையைத் தடவிக் கொடுத்தாள். தம்பியைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் அழுதேன். அந்த அழுகை உண்மையானது, வேண்டுமானால் அவளையே கேளுங்கள்.

பத்து நாள் கழித்து அந்த வரியைத் திரும்பப் போட்டேன், இந்தத் தடவை பக்கத்தில் விளக்கக் குறிப்போடு. அந்த வெளியீட்டைச் சின்னவன் நினைவுக்குக் காணிக்கையாக்கலாம் என்று முன்மொழிந்ததும் நான்தான். எங்களிடம் ஒரு விதி உண்டு. யார் குறையைத் திருத்தினாலும், திருத்தும் முன் தோற்று, திருத்திய பின் ஜெயிக்கும் பதிவு ஒன்றைச் சோதனைக்காக இணைக்க வேண்டும். ஒன்பது வருடங்களுக்கு முன்பு நான் போட்ட விதி. வெயில் நேரத்தில் எடுத்த பொருத்தமான பதிவு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் பன்னிரண்டு விநாடி வெட்டி இணைத்தேன். கோப்பின் பெயரில் நாளும் நேரமும் தானாக விழும். பெயரை மாற்றக் கூடாது என்பதும் என் விதிதான். சோதனையை இயந்திரம்தான் ஓட்டும், யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. ரேடியோ அக்கா கேட்டிருக்கிறார். பெட்டி உண்மையிலேயே சரியாகிவிட்டதா என்று பார்க்க, அதைத் தரவிறக்கிப் போட்டிருக்கிறார்.

கடைசியாக, கைபேசி எங்கே இருந்தது என்று கேட்டிருந்தீர்கள். மேசைமேல், ரிசீவருக்குப் பக்கத்தில் இருந்தது. கைபேசி அவ்வளவு அருகில் இருந்தால் பதிவில் டிக் டிக்கென்று இரைச்சல் விழும். இந்த வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் பதினொன்றே காலுக்கு அதை எடுத்துப்போய் அடுக்களையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். மேசைக்கும் அடுக்களைக்கும் பதினொரு அடி என்று உங்கள் ஆள் அளந்து எழுதியிருக்கிறார். அளவு சரிதான். ஆனால் சின்னவன் என்னைப் போன் போடச் சொன்னது அதற்கு ஐந்து நிமிடம் கழித்துத்தான். அப்போது கைக்கெட்டும் தூரத்தில் கைபேசி இல்லாத மனிதன் என்ன செய்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.