ஊசிப்போன டிரசர்

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கும். இது ஒன்றும் ரகசியமில்லை, தோட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கு வந்த தொந்தரவெல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

நீங்கள் இருளாயி செத்ததைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆராய்ச்சி முறை தெரியாதவர்களிடம் பேசுவதால் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் வள்ளியப்பன். பீடோருக்குப் பக்கத்தில் இந்த ரப்பர் தோட்டத்தில் பதினோரு வருடமாக டிரசர். மருந்து கொடுப்பேன், காயத்துக்குக் கட்டுப் போடுவேன், ஊசி போடுவேன். எழுபத்தொன்பதில் மருத்துவ ஆராய்ச்சி முறைகளைப் படிக்க ஆறு மாதம் ஈப்போவுக்கு அனுப்பினார்கள். குனோங் ராபாட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கிப் படித்தேன். வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் பட்டதாரிகள், ஆனால் முதலாவதாக வந்தவன் நான். தோட்டத்தில் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. அவர்களுக்கு நான் அப்போதும் ‘ஊசிப்போன டிரசர்’தான்.

அந்தப் பேரை வைத்தவள் இருளாயி. அவளுடைய மூத்த பிள்ளைக்கு நான் போட்ட ஊசி சீழ் பிடித்துவிட்டது. யாருக்கும் நடப்பதுதான். அவள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற இடத்தில், “சோறு ஊசிப்போனா கொட்டிடலாம்லா. டிரசரு ஊசிப்போனா என்னா செய்யுறது?” என்று கேட்டாள். இருநூறு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

படித்ததைச் செய்து பார்க்க அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் ஆள் சேர்த்தேன். ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகள் நாற்பது பேர், இருளாயியும் அதில் ஒருத்தி. இருபது பேருக்கு இரும்புச்சத்து, மற்ற இருபது பேருக்கு அதே சிவப்பு உறைக்குள் வெறும் சோளமாவு. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். கொடுப்பவனுக்கே அது தெரியக்கூடாது, பட்டியல் வேறொருவரிடம் இருக்க வேண்டும். ஒருத்திக்கு ரத்தம் மிகவும் குறைந்தால் அவளை விலக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். முறை இதுதான். கணக்கெழுதும் எங்கள் கிராணிக்கு வாயில் எதுவும் நிற்காது என்பதால் பட்டியலை நானே வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரமே பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் ஒருவரையொருவர் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உனக்குக் கறுப்பா, எனக்கு இல்லையே என்று. கறுக்காதவர்கள் மருந்து சரியில்லை என்று பீடோர் கிளினிக்குக்குக் கிளம்பப் பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூட்டம் என் ஆறு மாதப் படிப்பை வயிற்றை வைத்தே கண்டுபிடித்துவிட்டது. எரிச்சலாக இருந்தது. வயிற்றுப் பொருமலுக்கு வைத்திருந்த மருந்துக் கரியைப் பொடித்து மாவோடு கலந்து அடைத்தேன். ஒரு வாரத்தில் எல்லாருக்கும் கறுப்பு. பேச்சு அடங்கியது. இதை ஈப்போவில் யாரும் சொல்லித்தரவில்லை, நானாக யோசித்துச் செய்தது.

கர்ப்பம் எட்டாவது மாதம் ஆனபோது இருளாயியை அவள் புருஷன் ராமையா கைத்தாங்கலாக அழைத்து வந்தான். இமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே சிவப்பே இல்லை. சோதித்தேன், ஹீமோகுளோபின் பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருந்தது.

“மூச்சு வாங்குது டிரசரய்யா. ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமா?” என்றான் ராமையா.

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள். “வேணாம்லா. எனக்குக் கறுப்பாத்தான் போகுது, மருந்து புடிச்சிருக்கு. இவருக்கு ஊசிதான் போடத் தெரியாது. மருந்து நல்லாத்தான் குடுக்குறாரு.”

அவளை விலக்கினால் இருபது பத்தொன்பதாகிவிடும். அதுவுமில்லாமல், மருந்து கொடுப்பவன் நடுவில் வாய் திறக்கக் கூடாது என்பது முதல் பாடம். அடுத்த வாரத்துக்கான மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தேன். ராமையா கும்பிட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு போனான்.

பன்னிரண்டு நாள் கழித்து வலி கண்டது. பிள்ளை பிறந்து, உதிரம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. வேறொரு பெண்ணாயிருந்தால் தாங்கியிருப்பாள். இவள் உடம்பில் போவதற்கே அதிகம் இல்லை. ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன லாரி வழியில் தாப்பாவைத் தாண்டும் முன்பே முடிந்துவிட்டது. பிள்ளையும் மறுநாள் போய்விட்டது. இரண்டையும் தேதியோடு பதிந்து வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளலாம்.

சீட்டு விழுந்தபடிதானே அவளுக்கு மாவு வந்தது என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லை. சீட்டுக் குலுக்கிய மைலோ டின்னிலிருந்து அவள் எடுத்தது இரும்புச்சத்துச் சீட்டு. பிரித்துப் படித்தவன் நான். மாவுச் சீட்டு, நாற்பது பேரில் இன்னொருத்தியான கருப்பம்மாளுக்கு வந்திருந்தது. பட்டியலில் இரண்டு பேரையும் இடம் மாற்றி எழுதினேன். கணக்கு இருபதுக்கு இருபது சரியாகவே இருந்தது. இருளாயி மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. கருப்பம்மாள் சுகமாகப் பெற்றாள், ஆண் குழந்தை, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அவளைக் காப்பாற்றியவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.