கொடி காட்டுபவன் நகரக் கூடாது

1961 ஏப்ரல் 8, சனிக்கிழமை

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். விமானத்தில் ரிசீவரைப் பொருத்தும்போது, பழக்கத்தில், அதற்கு அடியில் ஸ்பாஞ்சை வைத்துவிட்டேன். முத்தியால்பேட்டையில் என் வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்த பிறகுதான் நினைவு வந்தது. சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன். ஸ்பாஞ்சு அங்கே இல்லை. திரும்பிப் போய்ப் பயனில்லை, முசே ராஜாங்கம் அதற்குள் பட்டறையைப் பூட்டியிருப்பார்.

தவறுகளை அன்றன்றே எழுதிவிட வேண்டும் என்பது மாலை வகுப்பில் ரேடியோ சொல்லித்தரும் ஜானகிராமன் சாரின் வழக்கம். இன்னொன்றும் சொல்வார்: "ஒரு தடவ எடுத்த அளவு அளவே இல்லப்பா. தற்செயலாக்கூட அமைஞ்சிருக்கும். இன்னொரு தடவ எடு." மற்றவர்களுக்கு அது சலிப்பு. எனக்கு ஆறுதல். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவன் நான். என்னோடு அந்த வகுப்பில் படித்த காத்தவராயன் எனக்குச் 'சந்தேகம்' என்று பெயர் வைத்திருந்தான். நான் வகுப்புக்குள் நுழைந்தால், "சந்தேகம் வந்துட்டாரு, ஆரம்பிங்க சார். வந்துட்டமான்னு அவரு இன்னொரு தடவ வெளிய போய்ப் பாத்துட்டு வரட்டும்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அவன் கெட்டவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முசே ராஜாங்கம் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய சொல்தா, அதாவது சிப்பாய்; அதனால்தான் 'ஐயா'வுக்குப் பதில் பிரெஞ்சில் 'முசே'. ஒரு கண் பாதிதான் தெரியும். அங்கே தலைக்கு மேல் பறந்த போர்விமானத்தைப் போலவே ஒன்றைச் சிறிதாகக் கட்டி, கம்பியில்லாமல் ரேடியோவால் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பாரிசிலிருந்து பாகங்கள் பெட்டியில் வந்தன. சிறிது என்றாலும் இறக்கை ஆறடி. மூக்கில், ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து குடிக்கிற இன்ஜின். வயிற்றில் ரிசீவரும் பேட்டரிகளும். ஒரு கைக்குழந்தையைவிடக் கனம். அவருக்கு உதவ ஜானகிராமன் சார் எங்கள் இருவரையும் அனுப்பினார். மரவேலையும் இன்ஜினும் காத்தவராயனுக்கு, ரேடியோ எனக்கு.

வேலை செய்யும் விதம் எளியது. தரையில் நிற்பவர் கையிலுள்ள ரேடியோப் பெட்டியின் பொத்தானை அழுத்தினால் விமானத்தின் ரிசீவருக்குள் ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சின் நாக்கு ஒட்டும், வால்பலகை இடப்பக்கம் திரும்பும். விட்டால் நாக்கு பிரியும், பலகை நேராகும். இருமுறை அழுத்தினால் வலப்பக்கம். அவ்வளவுதான். ஆனால் இன்ஜினின் அதிர்வு ரிலேவுக்கு ஆகாது. அதற்காகத்தான் அடியில் ஸ்பாஞ்சு. பட்டறை மேசையில் விமானத்தைக் கட்டி வைத்து, ஸ்பாஞ்சு இல்லாமல் இன்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் நாக்கு தானாகவே ஒட்டிக்கொண்டது. பிறகு பிரியவில்லை. வானத்தில் அப்படி ஆனால் விமானம் இடப்பக்கமாகவே வட்டம் போட்டு, வேகம் கூடிக்கூடித் தரையில் இறங்கும். இதை இருவரிடமும் சொன்னேன்.

மறு ஞாயிறு எனக்கு மில்லில் வேலை இருந்தது. நான் இல்லாதபோது காத்தவராயன் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு விமானத்தைப் பறக்கவிட்டிருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை. "மேசையில கட்டிவெச்சா கழுதகூடத்தான் ஒதைக்கும், அவுத்துவுட்டா அது பாட்டுக்குப் போவும்" என்று முசேயிடம் சொன்னானாம். அவர் எனக்கு அதைச் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று தாழ்வாக, மெதுவாகத்தான் பறக்கவிட்டார்கள் என்று நான் விளக்கினேன். யாரும் காதில் வாங்கவில்லை. அன்று இரவு எனக்கே ஐயம் வந்தது. அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். நான் கற்றதெல்லாம் வீணாகவும் இருக்கலாம்.

அதே வாரத்தில் முசே, பிரான்சில் இருக்கும் மகளிடம் போய்த் தங்கப்போவதாகவும், பட்டறையைக் காத்தவராயனிடம் விட்டுவிட்டுப் போவதாகவும் சொன்னார். "நீ ஒரு ஸ்க்ரூவ முறுக்கறதுக்குள்ள பொழுது போயிடுது, வேம்பு. அவனுக்குக் கை ஓடுது." இது நியாயமான முடிவு. மில்லிலேயே என் காலம் கழியும் என்று தெரிந்தது, அவ்வளவுதான். பின்னால் நடந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

கொடி காட்டும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். விமானம் தூரம் போனால் அது வருகிறதா போகிறதா என்று முசேயின் கண்ணுக்குத் தெரியாது. அதனால் திடலின் நடுவில் ஒருவன் நின்று, அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக் கையில் துண்டை உயர்த்த வேண்டும். நோணாங்குப்பம் ஆற்றோரத்து உவர்த்தரையில் அதற்கான இடத்தில் ஒரு சவுக்குக் குச்சியை நடுவது என் பொறுப்பு. கொடி காட்டுபவன் குச்சியை விட்டு நகரக் கூடாது, நகர்ந்தால் முசே திசை தடுமாறுவார் என்று ஒரு விதியும் போட்டேன். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில், உயரத்தில் முழு வேகத்தோடு பறக்கவிடுவது என்று முடிவானது. காற்று எந்தப் பக்கம் தள்ளும், வட்டம் எவ்வளவு அகலும் என்று முந்தைய நாளே கணக்குப் போட்டிருந்தேன். வழக்கமான இடத்திலிருந்து குச்சியைப் பிடுங்கி ஆற்றுப் பக்கமாகத் தள்ளி நட்டேன். காத்தவராயன் இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ரிசீவரைச் சரிபார்ப்பதுபோல மூடியைத் திறந்து, ஸ்பாஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இதில் வஞ்சனை இல்லை. ஸ்பாஞ்சு வேண்டாம் என்றவன் அவன்தான்.

கொடி காட்ட வேண்டியவன் காத்தவராயன். அவன் விதிகளை மதிப்பவன் அல்ல. குச்சியருகே நிற்பான் என்று நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் அன்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான்.

"கோவமாடா எம்மேல?"

"கோவம் எதுக்கு?"

"பட்டறையில நீயும் இரு. எனக்கு ரேடியோ என்னா தெரியும்? ரெண்டு பேரு பேரும் போட்டு போர்டு மாட்டலாம். வீட்ல அஞ்சலாட்சிகிட்டகூட சொல்லிட்டேன்." கொஞ்ச தூரம் நடந்து திரும்பிப் பார்த்தான். "இன்னிக்கி நீ சொன்ன மாதிரியே நிக்கிறேன், பாத்துக்க. நகந்தா கேளு."

அது நல்ல மனதோடு சொன்னது. அப்போதே அதை உணர்ந்தேன். ஸ்பாஞ்சு பையில் இருந்தது. மூடியைத் திறந்து திரும்ப வைக்க நேரமும் இருந்தது. ஆனால் அப்படிச் செய்திருந்தால் நான் சொன்னது சரியா தவறா என்பது தெரியாமலே போயிருக்கும்.

விமானம் நன்றாக ஏறியது. மேலே போய் நேரானபோது உண்மையான விமானத்தைப் போலவே இருந்தது. முசே பொத்தானை ஒருமுறை அழுத்தினார், இடப்பக்கம் திரும்பியது. விட்டார். நேராகவில்லை. இருமுறை அழுத்தினார். காத்தவராயனின் இடக்கை துண்டோடு உயர்ந்தது. விமானம் ஒரு வட்டம் அடித்தது, அடுத்த வட்டம் கீழே, அதற்கடுத்தது இன்னும் கீழே. "ஏன் திரும்ப மாட்டேங்குது, வேம்பு?" என்று முசே கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் உயர்ந்து நின்ற அந்தத் துண்டுதான். அவன் அண்ணாந்து பார்த்தபடி நின்றான். நகர்ந்திருக்கலாம். நான் கூப்பிட்டிருந்தால் நகர்ந்திருப்பான். நான் கூப்பிடவில்லை. கடைசிவரை அவன் கையை இறக்கவில்லை.

நான்தான் முதலில் ஓடிப் போனேன். இன்ஜின் அவன் நெற்றிப்பொட்டில் இறங்கியிருந்தது. இரத்தத்தை ஒற்ற ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். பையில் ஸ்பாஞ்சு இருந்தது. அதை எடுக்கவில்லை, நனைந்தால் மறுபடி பயன்படாது. வேட்டி முனையால் ஒற்றினேன்.

போலீஸ்காரர் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். பதினாறாம் நாள் காரியத்தில் அவன் மனைவி அஞ்சலாட்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவள் அழவில்லை. "நீ பக்கத்துலயே இருந்தியேண்ணா. அது ஏன் திரும்பல?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.

அது பொய் இல்லை. ஸ்பாஞ்சு இல்லாததால் இருக்கலாம். பேட்டரி இறங்கியிருக்கலாம். வால்பலகையில் தூசி சிக்கியிருக்கலாம். ஒருமுறை அவன் ஸ்பாஞ்சு இல்லாமல் பறக்கவிட்டபோது ஒன்றும் ஆகவில்லை, ஒருமுறை ஆனது. ஸ்பாஞ்சை எடுத்தவன் நான். குச்சியைத் தள்ளி நட்டவன் நான். நகரக் கூடாது என்றவனும் நான். இவற்றை ஒப்புக்கொள்கிறேன். காத்தவராயனை நான் கொன்றேன் என்று எழுதுவதற்கு மட்டும் இந்த ஒரு அளவு போதாது. அந்தக் காரியத்து நாளுக்குப் பிறகு நான் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அவள் கேட்டதுதான் கேட்கிறது. அவளுக்கு ஒரு சரியான பதில் சொல்லும்வரை எனக்கு வேறு வழியும் இல்லை.

முசே விமானத்தை எரித்துவிடச் சொன்னார். அவன் கட்டியது ஒருமுறையாவது ஒழுங்காகப் பறக்கட்டும் என்று நான்தான் கெஞ்சினேன். மாசி, பங்குனி இரண்டு மாதமும் மாலைகளில் உட்கார்ந்து ஒட்டினேன். அஞ்சலாட்சியின் தம்பி கண்ணையன் கூட இருந்து உதவினான். நல்ல பிள்ளை, மாமனைப் போலவே கை ஓடுகிறது. அக்காவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று, முசே பட்டறையை இப்போது அவனிடம்தான் விடுகிறார். போன வாரம் சொன்னார். அதுவும் நியாயம்தான்.

நாளை ஞாயிறு. எல்லோருக்கும் முன்பே பட்டறைக்குப் போய் ஸ்பாஞ்சை எடுத்துவிட வேண்டும். குச்சியை அதே இடத்தில் நட வேண்டும். அஞ்சலாட்சியை வரச் சொல்லியிருக்கிறேன். முசேயின் பக்கத்தில் நிழலில் நிற்கவைக்க வேண்டும். கண்ணையனிடம் துண்டைக் கொடுத்து, நகரக் கூடாது என்று சொல்ல வேண்டும்.