செயலாளரின் போன் அணைந்த அன்று

தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஐயா சங்கரநாராயணன் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, டில்லியின் வடகோடி நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி இந்த லோதி ரோடு வரை வந்து சேர்ந்த என் தாய்மார்களே, இடமின்றிக் கதவோரம் நிற்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் இந்த வைதேஹியின் வணக்கம்.

ஊருக்கு மின்சாரம் கொண்டுசேர்க்கும் வலையை வடிவமைப்பது என் தொழில். எந்தக் கம்பி அறும்? எந்தக் கருவி எரியும்? எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொண்டுதான் வரைபடத்தில் முதல் கோடே போடுகிறேன். அறாத கம்பியைத் தேடுவதல்ல என் வேலை. அறுந்தாலும் விளக்கு அணையாத வழியைத் தேடுவதே என் வேலை.

நம் தமிழ்ச் சங்கத்தின் வலை எப்படி இருக்கிறது? பள்ளியில் இடமா, செயலாளரிடம் சொல். ரத்தம் வேண்டுமா, செயலாளரிடம் சொல். வாழ்வா, சாவா, செயலாளரிடம் சொல். செயலாளர் அண்ணன் ரத்தினவேல் தங்கமான மனிதர். ஆனால் போன மாதம் அவர் காய்ச்சலில் விழுந்தார். அவர் போனும் அணைந்தது.

அன்று பாப்பம்மாள் அக்காவுக்கு டயாலிசிஸ். நரேலாவில் அவர் வாசற்படியில் காத்திருந்தார். இங்கே ஓட்டுநர் பத்ரி சங்கத்து வண்டியோடு காத்திருந்தார். ஏன் போகவில்லை என்று கேட்டேன். "செயலாளர் சொல்லாம எப்படி மேடம் வண்டிய எடுக்கறது?" என்றார். வண்டி இருந்தது, மனம் இருந்தது, வழி இல்லை. மயங்கிய அக்காவை, தமிழில் ஒரு சொல் அறியாத எதிர்வீட்டு ராம்நிவாஸ் பையாதான், "சலோ அம்மா, ஜல்தி", சீக்கிரம் வாங்கம்மா என்று இந்தியில் சொல்லி ஆட்டோவில் ஏற்றினார். இல்லையென்றால் இன்று நான் இரங்கல் உரை ஆற்றிக்கொண்டிருப்பேன். எனக்குக் கோபம் வருகிறது, ஐயா.

என்ன, பின்வரிசையில்? வேறு செயலாளரைப் போடலாமா? போடுங்கள். அவருக்குக் காய்ச்சலே வராதா?

உள்ளே நுழையும்போதே, வேறு தெருக்காரர் மூவரோடு போன் நம்பர் மாற்றிக்கொள்ளச் சொன்னேன், முணுமுணுத்தீர்கள். செயலாளர் இல்லாத நாளிலும் ஒருவரை ஒருவர் அழைக்கத்தான் அது. இதோ, இந்தக் குடத்தில் நம் எல்லார் பெயரும் இருக்கிறது. வாரம் ஒரு சீட்டு எடுப்போம். பெயர் வந்தவர் மறுநாள் போனை அணைத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் சங்கத்தில் ஒரு வேலையும் நிற்கக் கூடாது. பாப்பம்மாள் அக்கா, முதல் சீட்டை உங்கள் கையால் எடுங்கள்.

சீட்டில் வந்த பெயர், பத்ரி.

நாளைக் காலையும் அக்காவுக்கு டயாலிசிஸ். ஓட்டுநர் இல்லை. யார் அழைத்துப் போவது? செயலாளரைப் பார்க்காதீர்கள்; அவர் வாய் திறக்க மாட்டார். நானும் யாரையும் நியமிக்க மாட்டேன். காத்திருக்கிறேன்.

அதோ, ஹம்சா கையைத் தூக்கி எழுகிறார். அவருக்குப் பின்னால் இளஞ்செழியன். அக்காவோடு வந்திருக்கும் ராம்நிவாஸ் பையாவும், என்ன நடக்கிறது என்று பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, கையைத் தூக்குகிறார்.

இனி நான் பேச ஒன்றுமில்லை. பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கு நன்றி. உயர்ந்து நிற்கும் அந்தக் கைகளுக்கு என் வணக்கம்.