காலியாக விட்ட முதல் வரி

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது ஐயா. போலீஸ் ஸ்டேஷன் பேனா நூலில் கட்டித் தொங்கும், எழுதாது என்று நினைத்திருந்தேன். அது தபால் நிலையமாக இருக்கும்.

முதல் வரியில்தான் சிக்கல். "யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில் எழுதுகிறேன்" என்று தொடங்க வேண்டுமாம். "அதை எழுதினாத்தான் தம்பி கோர்ட்ல நிக்கும்" என்றார் உங்கள் எழுத்தர். அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு இரண்டாவது வரியிலிருந்து தொடங்குகிறேன். சொந்த விருப்பம் என்று ஒன்று இருக்கிறதா என்பதுதான் இந்த வழக்கே. தீர்ப்பை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மீதிப் பக்கத்துக்குப் பேனா எதற்கு?

கல்லூரியில் எனக்கு 'அப்பீல்' என்று பெயர். அரை மதிப்பெண் குறைந்தாலும் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பேன். மாலையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. என்னை வளர்த்தது அக்கா. அவளுக்குக் கல்யாணம் ஆனபோது பெட்டி படுக்கையோடு நானும் போய் இறங்கினேன். அத்தானுக்குக் கண்ணாடிப் பட்டறை. கீழே பட்டறை, மேலே வீடு. ஆள் உயரத் தகட்டைப் படுக்கவைத்து, வைரமுனையால் ஒரே ஒரு கோடு இழுப்பார். அடியில் ஒரு தட்டு. சொன்ன அளவுக்குப் பிரிந்து வரும். அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. அக்காவை அடிக்கும்போதும் நடுங்கியதில்லை.

ஆறு வருடம் அடித்தார். சட்டையில் பொத்தான் இல்லை என்று ஒருமுறை, தைத்த பொத்தான் வேறு நிறத்தில் இருக்கிறது என்று ஒருமுறை. அக்காவின் இடது காது அப்படித்தான் போனது. அவளிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் வலது பக்கம் போய் நிற்கப் பழகிக்கொண்டேன். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்துவிடவில்லை. அவரை வெறுத்தேன், ஒழுங்காக, ஒரு நாள் விடாமல். எனக்கு இருந்த ஒரே நல்ல பழக்கம் அது.

பிறகு ஒரு நாள் பட்டறையில் வலிப்பு வந்து விழுந்தார். தலையைப் படம் எடுத்தார்கள். நெற்றிக்குப் பின்னால் திராட்சை அளவில் ஒரு கட்டி. ஏழெட்டு வருடமாக வளர்ந்திருக்கலாம் என்றார் டாக்டர். நான் நம்பவில்லை. "பூசணிக்காயைப் படுக்க வெச்சாலும் அந்த மெஷின் ஏதாவது ஒன்னு காட்டும்கா" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

டாக்டர் பொறுமையானவர். "மனசுன்னு தனியா ஒன்னு உள்ள உக்காந்திருக்கலம்மா. மூளை பண்றதுதான் மனசு. கடிவாளம் இருக்கிற இடத்துல கட்டி வந்துட்டா மனுஷன் என்ன பண்ணுவான்?"

"அப்போ அடிச்சது யாரு டாக்டர்?" என்று கேட்டேன்.

டாக்டர் பேனாவை மூடினார். அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

கட்டியை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவர் வேறு ஆள். பாத்திரம் கழுவினார். பொத்தான் தைத்தார். அக்காவிடம் பேச வலது பக்கமாக வந்து நின்றார். அது என் இடம். ஒருநாள் அவளுடைய இடது காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். "அது அவர் இல்லடா, கட்டிடா" என்றாள் அக்கா. ஆறு வருடத்தை ஒரே மத்தியானத்தில் துடைத்துப் போட்டாள்.

யோசித்துப் பாருங்கள் ஐயா. குற்றம் இருக்கிறது, போன காது இருக்கிறது, குற்றவாளியை மட்டும் காணோம். இத்தனை வருடம் சேர்த்த வெறுப்பை நான் யாரிடம் கொண்டு போய்க் கொடுப்பது? ஆஸ்பத்திரிக்குப் போய், அந்தக் கட்டியை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். எரித்துவிட்டோம் என்றார்கள்.

அத்தானுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். தினம் காலையில் ஒரு கேப்சூல், பாதி நீலம், பாதி வெள்ளை. "ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டா வலிப்பு திரும்பும், பழைய கோபமும் திரும்பலாம்" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மருந்துக்கடைக்காரன் என்பதால் ஏழு அறை கொண்ட மாத்திரை டப்பாவை நிரப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. மூன்றாவது மாதம் ஒரு ஞாயிறு, கேப்சூல்களைத் திறந்து மருந்தைக் கொட்டிவிட்டு, குளுக்கோஸ் பொடியை நிரப்பி மூடினேன். மேசையில் ஒரு பொட்டுக்கூடச் சிந்தவில்லை.

இதற்கு உங்கள் எழுத்தர் வேறு பெயர் வைத்திருக்கிறார். என்னைப் பொறுத்தவரை இது ஒரு பரிசோதனை. மருந்து இல்லாமலும் அவர் சாதுவாக இருந்தால், அந்த ஆறு வருடமும் அவரால் அப்படி இருந்திருக்க முடியும், ஆகவே குற்றவாளி. மருந்து இல்லாமல் மிருகமானால், கட்டி போன பிறகும் மிருகம் உள்ளேதான் இருக்கிறது; ஆகவே குற்றவாளி. எந்த விடை எழுதினாலும் தேற முடியாத கேள்வித்தாள். அதை அப்போதே கவனித்தேன். திருத்தவில்லை.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் அவர் இழுத்த கோடு முதல் முறையாக வளைந்தது. வாடிக்கையாளர் ஒருவரை நாய் என்றார். அக்கா என்னிடம் வந்தாள்.

"மாத்திரையெல்லாம் சரியாத்தானே போடுறே?"

"டப்பாவைத் திறந்து பாருக்கா. ஒரு நாள்கூட விடாம முழுங்கியிருக்காரு."

அது பொய் இல்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அத்தான் மருந்துக்கடைக்கே வந்தார். இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் திணித்திருந்தார்.

"மாப்ளே, எனக்கு என்னமோ சரியில்லடா. மூனு மணிக்கு மேல ஆச்சுன்னா கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. நேத்து அவ முதுகையே பாத்துக்கிட்டு நின்னேன். சுத்தியல் கையில இருந்துச்சு."

"டாக்டர்?"

"வெளியூராம். வியாழக்கிழமை வர்றாராம். அதுவரைக்கும் காலேஜ் விட்டு வந்ததும் என்னைப் பின்னறையில போட்டு வெளியே பூட்டிடு. நீ வேலை முடிஞ்சு வந்து திற." சாவியைக் கல்லாமேசை மேல் வைத்தார். "அவகிட்ட இது இருக்கக் கூடாது, இளகிடுவா. நானே கெஞ்சினாலும் திறக்காதே. இந்த வீட்டுல என்னை நம்பாத ஆளு நீ ஒருத்தன்தான். அதனாலதான் உன்கிட்ட தர்றேன்."

பின்னறை என்பது கண்ணாடித் தகடுகளைச் சுவரோரம் நிறுத்திவைத்திருக்கும் அறை. வலிப்பு வருகிறவருக்கு ஏற்ற இடமில்லை. அதை நான் சொல்லவில்லை. அவரும் மறந்திருக்க மாட்டார். பூட்டு இருந்த அறை அது ஒன்றுதான்.

நான்கு நாள் பூட்டினேன். இடையில் வந்த ஞாயிறன்று டப்பாவையும் நிரப்பினேன், அதே பொடிதான். உள்ளிருந்து சத்தமே வராது. எப்போதாவது கண்ணாடியைத் துணியால் துடைக்கும் கீச்சொலி. எனக்கு எரிச்சலாக வந்தது. என்னைப் பூட்டு என்று சொன்னது யார்? கட்டி இல்லை, மருந்தும் இல்லை, உடம்பு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அந்த மனிதருக்குள் அதைச் சொல்ல யார் மிச்சம் இருந்தார்கள்? என் கேள்வித்தாளில் இந்தக் கேள்வி இல்லை. பாடத்தில் இல்லாததைக் கேட்டால் எனக்குப் பிடிக்காது.

புதன்கிழமை மூன்று மணிக்குப் பூட்டைச் சும்மா தொங்கவிட்டேன். மூன்றரைக்கு அக்காவின் வலது பக்கம் போய் நின்று, "அத்தான் உன்னைக் கூப்பிடுறாருக்கா" என்றேன். சொன்ன வாய் என்னுடையது. சொல்ல வைத்தது நானா, மூளையா என்பதை டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"யாரு திறந்தா? வெளிய போடி. கிட்ட வராதே, போயிடு."

அக்கா ஏதோ சமாதானம் சொன்னாள். ஒரு தகடு உடைந்தது. அடுத்த நொடி அக்கா வாசலுக்கு வெளியே வந்து விழுந்தாள். அவர்தான் தள்ளினார். கதவைச் சாத்தினார். உள்தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு அவர் விழும் சத்தம், நிறுத்தியிருந்த தகடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரியும் சத்தம். கதவை உடைக்கக் கால் மணி நேரம் ஆனது. உள்ளே பிழைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. அக்காவின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

பரிசோதனையின் முடிவு என்ன என்று நீங்கள் நக்கலாகக் கேட்டீர்கள். முடிவு தெளிவாக இல்லை ஐயா.

எல்லோரும் வந்து அழுதுவிட்டுப் போன பிறகு, அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"மாத்திரை டப்பாவுல ஏன்டா எறும்பு?"

வியாழன், வெள்ளி, சனி அறைகளில் கேப்சூல் அப்படியே இருந்தது. ஒன்றைப் பிரித்துப் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கத்தவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, என்னை இங்கே நடத்தியே கூட்டி வந்தாள். வழி நெடுக நான் பேசிக்கொண்டுதான் வந்தேன். அவள் என்னைத் தன் இடது பக்கமே வைத்துக்கொண்டாள்.

மீதி உங்களுக்குத் தெரியும். இந்த மேசைக்கு முன்னால்தான் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "அவன் தலையையும் ஒரு படம் எடுங்கய்யா. ஏதாச்சும் இருக்கும். இல்லாம எப்படிய்யா?" அதே ஆஸ்பத்திரி, அதே மெஷின். உள்ளே படுத்திருந்தபோது, திராட்சை வேண்டாம், ஒரு கடுகளவாவது இருக்கட்டும் என்று நானும் ஆசைப்பட்டேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு. ரொம்ப ஆரோக்கியமான மூளை."

அக்கா வலது காதைக் காட்டித் திரும்பி நின்றாள். "என்ன சொன்னீங்க டாக்டர்?" அவர் மறுபடியும் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள்.

முதல் வரியை நிரப்பச் சொல்லி உங்கள் எழுத்தர் அவசரப்படுத்துகிறார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் ஐயா. அது பழைய மெஷின், எதைப் படுக்க வைத்தாலும் ஒன்றும் காட்டாது. வேறு இடத்தில் இன்னொரு படம் எடுத்துவிட்டு நிரப்புகிறேன்.