நெறிகட்டி இல்லை என்று எழுதிய தாள்

என் பெயர் ஜஸீலா, வயது 36, க/பெ முகம்மது யூசுப். கூத்தாநல்லூரில் குடியிருக்கிறேன். ஊருக்கு அருகிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் பதினொரு ஆண்டுகளாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். பிளேக் என்று வதந்தி பரப்பியதாகவும், நோயாளியின் தாளைத் திருடியதாகவும் மருத்துவமனை என்மேல் கொடுத்த புகார் குறித்துப் போலீசார் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

கடந்த பிப்ரவரி 6ஆம் தேதி காலை, நெல் கிடங்கில் கூட்டிப் பெருக்கும் அம்சம், வயது 41, குளிர்காய்ச்சலோடு வந்தார். இடது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவு கட்டி இருந்தது. கை வைத்ததும் கத்திவிட்டார். காலில் புண் உண்டா என்று பாதத்திலிருந்து பார்த்தேன், கீறல்கூட இல்லை. "கெடங்குல எலி தானா செத்து விழுது சிஸ்டர், நாங்கதான் அள்ளிக் கொட்டுறோம்" என்றார். உடனே மருத்துவமனையை நடத்தும் மருத்துவரிடம் போய், பிளேக்காக இருக்கலாம், கட்டியில் நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு இன்றே மருந்து தொடங்க வேண்டும் என்றேன். அவர் போர்வையை விலக்கிக்கூடப் பார்க்காமல், "இந்தக் காலத்துல ஏது சிஸ்டர் பிளேக்? கால்ல புண்ணு இருக்கும், அதான் நெறி கட்டியிருக்கு" என்று காய்ச்சல் மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு 9ஆம் தேதி, அதே கிடங்கில் மூட்டை தூக்கும் அவருடைய கணவர் இளையபெருமாள் அம்சத்தை ஆட்டோவில் கொண்டுவந்தார். மூச்சு இரைத்தது, இருமலில் ரத்தம் வந்தது. நோய் நுரையீரலுக்கு ஏறிவிட்டது, இனி மூச்சிலேயே பரவும் என்பதால் எல்லோருக்கும் முகக்கவசம் கொடுத்துவிட்டு, சுகாதாரத் துறைக்கு நானே போன் செய்தேன். அவர்கள் வந்து சளி மாதிரி எடுத்தார்கள். மாலை 5.10க்கு அம்சம் இறந்தார்.

அதன் பிறகு மறுநாள் காலை இளையபெருமாளுக்குக் காய்ச்சல் கண்டு விரல் நுனிகள் கறுத்தன. கட்டி இல்லை, அதனால் இது வேறு நோய் என்றார் மருத்துவர். ரத்தத்தில் இறங்கும் பிளேக்கில் கட்டி இல்லாமலும் இருக்கும் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். சுகாதாரத் துறையினர் அன்றே அவருக்கு ரத்தம் எடுத்து, ஊசி தொடங்கினார்கள். பரிசோதனையில் இருவருக்குமே பிளேக் என்று வந்தது.

முடிவு வந்த அன்று மதியம் அம்சத்தின் முதல் நாள் தாளை யாரோ மாற்றியிருந்தார்கள். நான் கட்டியின் அளவை எழுதிய இடத்தில் வேறு கையெழுத்தில் 'நெறிகட்டி இல்லை' என்றிருந்தது. நான் எழுதிய தாள் கிழிந்து குப்பைக் கூடையில் கிடந்தது. அதை எடுத்தவள் நான்தான். நான்கு துண்டுகளையும் இப்போது ஒப்படைக்கிறேன்.

இளையபெருமாள் பிழைத்தார், வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். நான் மன்னிப்புக் கடிதம் எழுதினால் புகாரை வாபஸ் வாங்குவதாக நேற்று மருத்துவர் ஆள் அனுப்பினார். "மன்னிப்ப அவரு போயி அம்சத்தோட புருஷன்கிட்ட கேக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்தது நடந்தபடி உள்ளது. ஒரு வரியையும் மாற்றச் சம்மதமில்லை.

(ஒப்பம்) ஜஸீலா